ஆய்வு வேதியியலாளர் விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கரைப்பானின் கொதிநிலையோ ஒரு வினையின் பொறிமுறையோ சட்டென்று தேவைப்பட்டால் பெரும்பாலோர் முதலில் திறப்பது விக்கிப்பீடியாவைத்தான். மாணவர்கள் மட்டுமல்ல, முனைவர் பட்டம் பெற்றவர்களும் அப்படித்தான். ஆய்வுக் கட்டுரையில் அதை மேற்கோள் காட்ட மாட்டார்கள், ஆனால் படித்தது எழுத்தில் இறங்கிவிடும். நீல் தாம்சன், டக்ளஸ் ஹான்லி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். விக்கிப்பீடியாவில் அதுவரை இல்லாத வேதியியல் தலைப்புகளுக்குக் கட்டுரைகள் எழுதச் செய்து, குலுக்கல் முறையில் பாதியை மட்டும் வெளியிட்டார்கள். பிறகு வந்த ஆய்வுக் கட்டுரைகளின் சொற்களை ஒப்பிட்டபோது, வெளியிட்ட பாதியின் தாக்கம் அவற்றில் கூடுதலாகத் தெரிந்தது.

அப்படியானால் அங்கே ஓர் எண் தவறாக இருந்தால் அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் நம்மைப் போன்ற ஆய்வகத்துக்காரர்கள்தான். ஆனால் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய கை அப்படியே விக்கிப்பீடியாவுக்கு வந்தால் எழுதியது நிற்காது. எப்படி எழுதினால் நிற்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் அறிவுக்கு அங்கே என்ன வேலை என்று புரிந்துகொள்வது

விக்கிப்பீடியாவின் உள்ளடக்கம் மூன்று கொள்கைகளின் மேல் நிற்கிறது. எழுதுவது நடுநிலையாக இருக்க வேண்டும். எழுதியதை வாசகர் வெளியான மூலம் ஒன்றில் சரிபார்க்க முடிய வேண்டும். சொந்த ஆய்வு கூடாது.

மூன்றாவதுதான் ஆய்வாளருக்கு உறுத்தும். ஆய்விதழில் எதற்கு மதிப்பு? புதிதாக ஒன்றைச் சொல்வதற்கு. இங்கே புதிதாக எதையும் சொல்லக் கூடாது. "இந்த வினையை நான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன், விளைச்சல் இவ்வளவுதான் வரும்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அச்சில் வராதவரை அதற்குக் கட்டுரையில் இடமில்லை. பேராசிரியர் என்றாலும் பள்ளி மாணவர் என்றாலும் விதி ஒன்றே.

அப்படியானால் வேதியியலாளரால் என்ன லாபம்? நிறைய. எந்த மூலத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஒரு கூற்றுக்கு எத்தனை வரி தகும் என்று தெரியும். பாடநூலில் எளிமைப்படுத்திச் சொன்னது எங்கே பொய்யாகிறது என்று தெரியும். உங்கள் பல வருட அனுபவம் வாக்குமூலமாக உள்ளே வராது, தேர்வாக வரும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான்.

ஓர் உதாரணம். 2009-இல் பெயர்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் சோடியம் ஹைட்ரைடு இரண்டாம் நிலை ஆல்கஹால்களை ஆக்சிசனேற்றம் செய்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. காரமாகப் பயன்படும் பொருள், அதிலும் ஆக்சிசனேற்றத்துக்கு நேர்மாறான ஒடுக்க வினைக்குப் பெயர்போன ஹைட்ரைடு. அது எப்படி ஆக்சிசனேற்றியாகும்? பல வேதியியலாளர்கள் உடனே தங்கள் ஆய்வகங்களில் செய்து பார்த்தார்கள். காற்றிலிருந்து வரும் ஆக்சிசனே காரணம் என்ற ஐயம் வலுத்தது. கடைசியில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அது வெளியான வாரமே யாராவது சோடியம் ஹைட்ரைடு பற்றிய பக்கத்தில் "ஆக்சிசனேற்றியாகவும் செயல்படும்" என்று சேர்த்திருந்தால், விதிப்படி மூலம் இருக்கிறது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வேதியியலாளர் அதைச் சேர்த்திருக்க மாட்டார், பொறுத்திருந்திருப்பார். நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது அந்தப் பொறுமைதான்.

இரண்டாம் படி: கணக்கும் அறிமுகமும்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஒரு பயனர் கணக்கைத் தொடங்குங்கள். உண்மைப் பெயர் கட்டாயமில்லை. பயனர் பக்கத்தில் எந்தத் துறையில் ஆர்வம் என்று இரண்டு வரி எழுதினால் மற்றவர்கள் உங்களிடம் பேச வசதியாக இருக்கும். பட்டங்களையும் பதவியையும் அடுக்க வேண்டியதில்லை, விவாதத்தில் அவை எடுபடாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்காகவோ அதன் பொருளைப் பற்றியோ சம்பளத்தின் பகுதியாக எழுதினால், அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 2014 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளே இதைக் கட்டாயமாக்கியுள்ளன. உங்கள் ஆய்வுக் குழு, உங்கள் வழிகாட்டி, நீங்கள் காப்புரிமை பெற்ற வினையூக்கி இவற்றைப் பற்றிய பக்கங்களில் நேரடியாகக் கை வைக்காமல், பேச்சுப் பக்கத்தில் (ஒவ்வொரு கட்டுரையோடும் விவாதத்துக்காக இருக்கும் பக்கம்) வேண்டுகோளாக வைப்பது நல்லது. சொந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டத் தடை இல்லை. ஆனால் அந்தக் கூற்றுக்கு அதுவே மிகப் பொருத்தமான மூலமாக இருக்க வேண்டும். பத்துப் பக்கங்களில் போய் உங்கள் ஒரே கட்டுரையை ஒட்டிவைத்தால் அது விளம்பரம் என்று யாரும் கண்டுகொள்வார்கள்.

மூன்றாம் படி: எதில் தொடங்குவது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் ஆய்வுப் பொருளிலேயே புதுக் கட்டுரை ஒன்றை ஆரம்பிக்க நினைப்பார்கள். அது வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கட்டுரை ஒன்றைத் திருத்துவதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் துறையில் மாணவர்கள் அடிக்கடி தேடக்கூடிய, ஆனால் சரியாக எழுதப்படாத பக்கம் ஒன்று நிச்சயம் இருக்கும். மேற்கோள் இல்லாத ஒரு பத்திக்கு மூலம் கண்டுபிடித்துச் சேர்ப்பது, தவறான ஒரு கட்டமைப்புப் படத்தை மாற்றுவது, அழுத்தம் குறிப்பிடாத ஒரு கொதிநிலையைச் சரிசெய்வது எல்லாமே நல்ல தொடக்கம். இப்படிச் சிறு சிறு திருத்தங்கள் செய்யும்போதே தொகுப்பு முறையும் அங்குள்ளவர்களின் பேச்சு வழக்கமும் பிடிபட்டுவிடும்.

புதுக் கட்டுரைதான் என்று முடிவு செய்தால், அந்தத் தலைப்பு குறிப்பிடத்தக்கதா என்று பாருங்கள். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனி எண் தரும் சிஏஎஸ் பதிவேட்டில் 20 கோடிக்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அத்தனைக்கும் கலைக்களஞ்சியத்தில் பக்கம் தேவையில்லை. நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளியது: அந்தச் சேர்மத்தைத் தயாரித்தவர்களைத் தவிர வேறு யாராவது அதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கிறார்களா? மீள்பார்வைக் கட்டுரையிலோ (ஒரு தலைப்பில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரை) பாடநூலிலோ கையேட்டிலோ இடம்பெற்றிருந்தால் துணிந்து தொடங்கலாம். ஒரே ஒரு ஆய்விதழ்க் கட்டுரையின் துணைத் தகவலில் 14-ஆம் எண் சேர்மமாக இருப்பதற்குத் தனிப்பக்கம் வேண்டாம்.

நான்காம் படி: மூலங்களைத் தரம் பிரிப்பது

வேதியியலாளரின் உண்மையான உழைப்பு இங்கேதான். மீள்பார்வைக் கட்டுரைகள், மேல்நிலைப் பாடநூல்கள், துறைக் கலைக்களஞ்சியங்கள் முதல் வரிசை. ஒரு கண்டுபிடிப்பின் முதல் அறிவிப்பை வரலாற்றுப் பகுதியில் மேற்கோள் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் "இது சிறந்த முறை", "இதுவே பொறிமுறை" போன்ற மதிப்பீடுகளுக்கு அதைக் கண்டுபிடித்தவரின் கட்டுரையே மூலமாக இருக்கக் கூடாது. தன் முறையைக் குறை சொல்லி யார் எழுதுவார்?

தயாரிப்பு முறைகளுக்கு நான் முதலில் தேடுவது ஆர்கானிக் சிந்தசிஸ் தொகுப்பை. 1921 முதல் வெளிவரும் அதில் ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவரின் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்த பிறகே அச்சிடுகிறார்கள். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது, அதனால் வாசகர் உடனே சரிபார்க்கலாம். கனிம வேதியியலுக்கு இனார்கானிக் சிந்தசிஸ் உண்டு.

காப்புரிமை ஆவணங்களை எச்சரிக்கையாகக் கையாளுங்கள். இன்ன ஆண்டில் இன்னார் உரிமை கோரினார் என்பதற்கு அவை ஆதாரம். அதில் சொன்னபடி வினை நடக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. வேதிப்பொருள் விற்பனையாளரின் பட்டியலும் அப்படித்தான். மருத்துவக் கூற்றுகளுக்கு இன்னும் கடுமையான விதி உண்டு: ஒரு மூலக்கூறு கண்ணாடிக் குழாயில் புற்றுச் செல்களைக் கொன்றது என்ற ஆய்வை வைத்துக்கொண்டு "புற்றுநோய்க்கு மருந்தாகும்" என்ற தொனியில் ஒரு சொல்கூட எழுதக் கூடாது. இயற்கைப் பொருள்கள் பற்றிய பக்கங்களில் இந்த மீறல் மலிந்து கிடக்கிறது. அவற்றை நீக்கிச் சுத்தம் செய்வதே பெரிய பங்களிப்பு.

அப்புறம், வட்டச் சான்று என்ற கண்ணி ஒன்று உண்டு. விக்கிப்பீடியாவில் மூலமில்லாமல் இருந்த ஒரு தவறை யாரோ ஒருவர் தன் கட்டுரையில் எடுத்தாண்டிருப்பார். பிறகு அந்தக் கட்டுரையையே விக்கிப்பீடியாவில் மூலமாகச் சேர்ப்பார்கள். தவறுக்கு இப்போது ஆதாரம் கிடைத்துவிட்டது! சந்தேகம் வந்தால் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, அந்த வாக்கியம் எப்போது நுழைந்தது என்று பாருங்கள். மூலம் அதற்குப் பிந்தியது என்றால் அதைவிடப் பழைய மூலத்தைத் தேடுங்கள். அதோடு, மேற்கோள் காட்டும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா, திருத்தம் வெளியானதா என்று ஆய்விதழின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கட்டுரையை எழுதுவது

மணல்தொட்டியில், அதாவது பயிற்சிக்கான பக்கத்தில், எழுதிப் பாருங்கள். அங்கே பிழை விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சேர்மத்தைப் பற்றிய கட்டுரையை எப்படி அமைப்பது என்பதற்கு ஃபெரோசீனை எடுத்துக்கொள்வோம். கரிம உலோக வேதியியலில் இதைவிடத் தெரிந்த மூலக்கூறு இல்லை, சிக்கல்களுக்கும் குறைவில்லை.

நம்மில் ஒருவர் எழுதும் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஃபெரோசீன் என்பது 18 எலக்ட்ரான் விதிக்கு உட்பட்ட, ஹாப்டிசிட்டி ஐந்துடைய இரு சைக்ளோபென்டாடையீனைல் ஈந்தணைவிகளைக் கொண்ட மெட்டலோசீன்." தவறில்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்பவருக்கு இந்தப் பக்கமே தேவையில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஃபெரோசீன் என்பது ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட இரண்டு தட்டையான வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு அமைந்த சேர்மம். ஆரஞ்சு நிறத் திண்மம், கற்பூரத்தை ஒத்த மணம் உடையது. காற்றில் சிதையாது, நீரில் கரையாது, பெரும்பாலான கரிமக் கரைப்பான்களில் கரையும். 1951-இல் இது அறிவிக்கப்பட்டதும் உலோகத்துக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றிய புரிதலே மாறியது." பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இதைப் படித்துவிட்டு மேலே போவார். எலக்ட்ரான் கணக்கைப் பிணைப்புப் பகுதியில் விரிவாகவே எழுதலாம். எளிமை முன்னுரையில், ஆழம் உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றுப் பகுதியில் நடுநிலை என்றால் என்னவென்று ஃபெரோசீனே கற்றுத்தரும். டியூகேன் பல்கலைக்கழகத்தில் கீலியும் பாசனும் ஃபல்வலீன் என்ற ஹைட்ரோகார்பனைத் தயாரிக்கப் போய், எதிர்பாராமல் இந்த ஆரஞ்சுப் பொருளைப் பெற்றார்கள். 1951 இறுதியில் அறிவித்தார்கள். மில்லர், டெபத், டிரமெய்ன் மூவரும் வேறு வழியில் இதே பொருளைத் தனியாகப் பெற்றிருந்தார்கள், அவர்கள் கட்டுரை 1952-இல் வந்தது. இரு குழுவினரும் முதலில் எழுதிய கட்டமைப்பு சரியல்ல. வில்கின்சன், ரோசன்பிளம், வைட்டிங், உட்வர்டு ஆகியோர் ஒரு பக்கமும் ஃபிஷர் மறுபக்கமும் 1952-இல் இரு வளையங்களுக்கு இடையே இரும்பு இருக்கும் அமைப்பை முன்வைத்தார்கள். 1973 வேதியியல் நோபல் பரிசு ஃபிஷருக்கும் வில்கின்சனுக்கும் போனது. தன் பங்கு விடுபட்டதாக உட்வர்டு நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார்.

இதை எழுதும்போது உங்களுக்கு ஒரு கட்சி இருக்கும். "உண்மையில் இதைக் கண்டுபிடித்தவர் இன்னார்தான்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். யார் எப்போது எதை வெளியிட்டார் என்பதைத் தேதியோடு வையுங்கள், சர்ச்சை இருந்தது என்பதையும் மூலத்தோடு சொல்லுங்கள். யாருக்குப் பெருமை என்பதை வாசகர் முடிவு செய்துகொள்வார்.

கட்டமைப்புப் பகுதியில்தான் துறை அறிவு நேரடியாகப் பலன் தரும். பழைய நூல்கள் பலவற்றில் ஃபெரோசீனின் இரு வளையங்களும் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்பதாகப் படம் போட்டிருக்கும். அறை வெப்பநிலைப் படிகத்தில் எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டிய தோற்றம் அது, படிகத்தின் ஒழுங்கின்மையே அதற்குக் காரணம். வளிம நிலையில் வளையங்கள் நேருக்கு நேர் நிற்கும் அமைப்பே நிலையானது. இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் தடை மோலுக்குச் சுமார் 4 கிலோஜூல்தான், அதனால் வளையங்கள் எளிதாகச் சுழலும். மூலம் தேடிக்கொண்டு போனால் இரண்டு படத்துக்கும் நூல் ஆதாரம் கிடைக்கும். "சிலர் இப்படிச் சொல்கிறார்கள், சிலர் அப்படிச் சொல்கிறார்கள்" என்று எழுதிவிடுவது நடுநிலை ஆகாது. எந்த அளவீடு, எந்த நிலையில், எந்த வெப்பநிலையில் என்று பிரித்து எழுதினால் முரண்பாடே மறைந்துவிடும். வேதியியல் பக்கங்களில் காணும் பாதிச் சண்டைகள் இப்படி நிபந்தனையைச் சொல்லாமல் விட்டதால் வந்தவைதான்.

பயன்கள் பகுதியைச் சுருக்கமாக வையுங்கள். நீரல்லாத கரைப்பான்களில் மின்வேதியியல் அளவீடுகளுக்கு ஃபெரோசீன் ஒப்பீட்டுத் தரமாகப் பயன்படுகிறது என்பது முக்கியம். ஏதோ ஒரு நானோ கலவையில் சேர்த்துப் பார்த்தார்கள் என்பது முக்கியமில்லை.

ஆறாம் படி: தகவற்சட்டம்

வலது பக்கம் தெரியும் அந்தப் பெட்டியைத்தான் பெரும்பாலான வாசகர்கள் பார்க்கிறார்கள், மற்றதைப் படிக்காமலே போய்விடுகிறார்கள். ஆகவே இங்கே ஒவ்வோர் எண்ணும் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

சிஏஎஸ் எண்ணைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஃபெரோசீனின் எண் 102-54-5. கடைசி 5-ஐ விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4, 5 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்: 4, 10, 6, 0, 5, மொத்தம் 25. அதன் ஒன்றாம் இலக்கம் 5, சரியாக வந்துவிட்டது. தட்டச்சில் ஓர் இலக்கம் மாறினாலோ அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலோ பெரும்பாலும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் எண் முறையாக இருப்பதால் மட்டும் அது நீங்கள் சொல்லும் பொருளுக்கு உரியது என்று ஆகாது. நீரற்ற காப்பர் சல்பேட்டின் எண் 7758-98-7, ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட நீல நிறப் படிகத்தின் எண் 7758-99-8. இரண்டுமே சோதனையில் தேறும். பெட்டியில் ஒன்றின் எண்ணையும் மற்றதன் மோலார் நிறையையும் போட்டால் 159.6-க்கும் 249.7-க்கும் இடையே வாசகர் தடுமாறுவார். அவர் அந்த எண்ணை நம்பி ஒரு கரைசல் தயாரித்தால் செறிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறிப்போகும். நீரேற்றங்கள், ஹைட்ரோகுளோரைடு உப்புகள், எதிர்வடிவ மாற்றியங்கள் இவற்றில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். சந்தேகமிருந்தால் சிஏஎஸ் அமைப்பே நடத்தும் காமன் கெமிஸ்ட்ரி தளத்தில் தேடுங்கள். விக்கிப்பீடியர்களின் ஒத்துழைப்போடு 2009-இல் சுமார் 7,800 பொருள்களுடன் தொடங்கிய அந்தத் தளத்தில் 2021-இல் ஏறத்தாழ 5 லட்சம் பொருள்கள் சேர்ந்தன. கட்டணம் இல்லை.

பண்புகளை நிரப்பும்போது எண்ணோடு நிபந்தனையும் போக வேண்டும். குறைந்த அழுத்தத்தில் அளந்த கொதிநிலையை அழுத்தம் குறிப்பிடாமல் போடுவது வழக்கமான பிழை. அடர்த்திக்கு வெப்பநிலையும், ஒளிச்சுழற்சிக்குக் கரைப்பானும் செறிவும் வேண்டும். அமிலத்தின் வலிமையைக் காட்டும் pKa மதிப்பும் அப்படியே. ஃபீனாலின் pKa நீரில் ஏறக்குறைய 10, டைமெத்தில் சல்பாக்சைடில் 18. கரைப்பானைச் சொல்லாமல் இரண்டில் எதைப் போட்டாலும் அது அரைத் தகவல்தான். உருகுநிலை மூலத்துக்கு மூலம் வேறுபட்டால் சராசரி எடுக்காதீர்கள், அது சொந்த ஆய்வாகிவிடும். நம்பகமான கையேட்டின் மதிப்பைப் போடுங்கள். பல்லுருவங்கள் (ஒரே பொருளின் வெவ்வேறு படிக வடிவங்கள்) காரணமாக வேறுபாடு வந்திருந்தால் அதை உரையில் விளக்குங்கள்.

மூலக்கூறின் கட்டமைப்பை ஒரே வரி எழுத்தாகச் சொல்லும் ஸ்மைல்ஸ், இன்சி ஆகிய குறியீடுகளை வரைமென்பொருளிலிருந்து எடுத்து, பப்கெம் தரவுத்தளத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைரல் மையங்கள் (அணுக்களின் முப்பரிமாண அமைவைத் தீர்மானிக்கும் இடங்கள்) சரியாக வந்திருக்கின்றனவா என்பதில் கவனம் தேவை. உலோகச் சேர்மங்களில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வழக்கமான இன்சி குறியீடு உலோகப் பிணைப்புகளைத் துண்டித்தே எழுதும், ஆகவே ஃபெரோசீன் அதில் இரும்பு அயனியும் இரண்டு வளைய எதிர்மின் அயனிகளுமாகத் தெரியும். அது பிழையில்லை, அந்தக் குறியீட்டின் விதி. "திருத்த" வேண்டாம்.

எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவில் அந்தச் சேர்மத்துக்கு ஓர் உருப்படி இருக்கும். அங்கே எண்களைச் சரிசெய்தால் அதைப் பயன்படுத்தும் பிற மொழிப் பக்கங்களுக்கும் பலன் போய்ச் சேரும்.

ஏழாம் படி: படங்கள்

நீங்கள் ஆய்விதழில் வெளியிட்ட படமாக இருந்தாலும், பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அதை விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவின் படங்கள் சேமிக்கப்படும் தளம்) ஏற்ற முடியாது. உங்கள் சொந்தக் கட்டுரையின் வாக்கியங்களும் அப்படித்தான். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றாலும் உரிமத்தைப் பாருங்கள். வணிகப் பயன்பாட்டைத் தடை செய்யும் உரிமம் இங்கே செல்லாது. நீங்கள் எழுதுவதெல்லாம் சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் போகும், அதாவது யாரும் எடுத்து, மாற்றி, விற்கவும் செய்யலாம், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் தந்தால் போதும்.

நல்ல வேளையாக, எளிய கட்டமைப்பு வாய்பாட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது பொதுவகத்தின் நிலைப்பாடு. அதற்கென்றே தனி உரிம வார்ப்புரு உண்டு. ஆகவே நீங்களே புதிதாக வரைந்துவிடுங்கள். கெம்டிரா என்ற வரைமென்பொருளில் அமெரிக்க வேதியியல் கழக இதழ்களுக்கான அளவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பிணைப்பு நீளமும் எழுத்தளவும் மற்ற படங்களோடு ஒத்துவரும். எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. பின்னணி ஒளிபுகக் கூடியதாக இருக்கட்டும். கோப்புக்கு ஏதோ ஒரு எண்ணை வைக்காமல் சேர்மத்தின் பெயரையே வையுங்கள்.

ஆய்வகத்தில் தூய படிகமோ நிறமான கரைசலோ கிடைத்தால் ஒரு நல்ல ஒளிப்படம் எடுத்துப் பொதுவகத்தில் சேருங்கள். இதை நம்மைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. மாதிரி என்ன, எப்படித் தூய்மை செய்யப்பட்டது என்பதை விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

எட்டாம் படி: செய்முறையும் பாதுகாப்பும்

விக்கிப்பீடியா செய்முறைக் கையேடு அல்ல. வினைப்பொருள்கள், வினையூக்கி, வினையின் வகை, தொழில்முறைத் தயாரிப்பா ஆய்வக முறையா என்பது வரை எழுதலாம். எத்தனை கிராம், எத்தனை மணி நேரம், எப்போது பனிக்கட்டி நீரில் ஊற்றுவது என்றெல்லாம் போக வேண்டாம். வேண்டியவர் மேற்கோளைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகட்டும்.

பாதுகாப்புப் பகுதியில் விற்பனையாளரின் பாதுகாப்புத் தாளை அப்படியே கொட்டாதீர்கள். சாதாரண உப்புக்குக்கூட "கண்ணில் பட்டால் நீரால் கழுவவும்" என்று அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கை என்றால் உண்மையான ஆபத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தப் பொருளுக்கே உரிய ஆபத்தைச் சொல்லுங்கள்: டையெத்தில் ஈதர் காற்றுப்பட வைத்திருந்தால் வெடிக்கும் பெராக்சைடுகள் உருவாகும், ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலை ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைக்கும். உயிரைக் கொல்லும் அளவைக் கொடுத்தால் எந்த விலங்கில் சோதித்தது, எந்த வழியில் உடலுக்குள் செலுத்தியது என்பதும் உடன் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: தமிழில் எழுதும்போது

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. தனிமங்கள், சேர்மங்களுக்கு ஓரளவு பக்கங்கள் உண்டு. வினைப் பொறிமுறை, நிறமாலையியல், பகுப்பாய்வு முறைகள் பக்கம் இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பெயர்களின் எழுத்துக்கூட்டலில் சண்டைக்கு நிற்க வேண்டாம். ஆக்சிசனா ஆக்ஸிஜனா என்று பேச்சுப் பக்கங்களில் ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. அங்குள்ள வழக்கத்தைப் பின்பற்றுங்கள், மாற்று வடிவங்களுக்கு வழிமாற்றுப் பக்கம் உருவாக்குங்கள். எப்படித் தேடினாலும் வாசகர் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்ப்பதாக இருந்தால் தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தோடு எழுதும் சிறு குறிப்பு) அதைக் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை. அங்குள்ள மேற்கோள்களைத் திறந்து பார்க்காமல் நகலெடுக்காதீர்கள். ஒரு மூலத்தைச் சேர்த்தால் நீங்கள் அதைப் படித்ததாகப் பொருள். மொழிபெயர்ப்புக் கருவி தரும் வாக்கியங்களை அப்படியே வெளியிட வேண்டாம். பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு, ஒரு மாணவருக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்.

பத்தாம் படி: வெளியிட்ட பிறகு

மேற்கோள்களைச் சேர்க்க ஆய்விதழ்க் கட்டுரைக்குரிய நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுத்தாலே போதும், விக்கிப்பீடியாவின் காட்சித் தொகுப்பான் ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாவற்றையும் நிரப்பிவிடும். பக்க எண்ணையும் பெயர்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு, "கொதிநிலைக்கு அழுத்தம் சேர்த்தேன், கையேட்டு மூலத்துடன்" என்பது போலத் தெளிவான சுருக்கம் எழுதி வெளியிடுங்கள். இந்தச் சுருக்கம் இல்லாததால் நீக்கப்படும் நல்ல திருத்தங்கள் பல.

உங்கள் திருத்தத்தை யாராவது மீளமைத்தால், அதாவது நீக்கிப் பழையபடி ஆக்கினால், கோபம் வரும். இருபது வருடமாக இதில்தான் வேலை, இவர் யார் என்று தோன்றும். நீங்களும் மீளமைக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கே முடக்கப்படலாம், பொதுவாகச் சொல்வது சரியா தவறா என்று பார்க்க மாட்டார்கள். பேச்சுப் பக்கத்துக்குப் போய், எந்த மூலத்தின் எந்தப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று எடுத்து வையுங்கள். நமக்கு வெளிப்படையாகத் தெரியும் ஒன்று மற்றவருக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தால், பெரும்பாலும் இடையில் ஒரு விளக்க வரி விடுபட்டிருக்கும். அந்த வரியைச் சேர்த்தால் கட்டுரையும் மேம்படும். பதில் வராவிட்டால் வேதியியல் திட்டப் பக்கத்தில் கேளுங்கள். அங்கே நம்மைப் போன்ற பலர் இருக்கிறார்கள்.

எழுதிய பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் போட்டுவைத்து அவ்வப்போது திறந்து பாருங்கள். எண்களில் நடக்கும் சில்மிஷம் கண்ணில் எளிதில் படாது. உருகுநிலையில் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டுப் போனால் மாற்றங்களைக் கண்காணிக்கும் வேதியியல் தெரியாத பயனர்களுக்குச் சந்தேகமே வராது. தகவற்சட்டத்தில் மூலமோ காரணமோ சொல்லாமல் ஓர் எண் மாறியிருந்தால் உடனே கையேட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். உங்கள் துறையில் புதிய மீள்பார்வைக் கட்டுரை வரும்போதெல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் கவனித்துவரும் பக்கங்களின் பொறிமுறைப் பகுதியையும் பயன்கள் பகுதியையும் ஒருமுறை திரும்பப் படித்துப் புதுப்பியுங்கள்.